அரிசி விற்ற குரல்

அன்புள்ள அப்பா,

இன்று காலை அம்மா பானையில் சோறு வடித்தாள். குக்கர் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று நான் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு வடித்த சோறுதான். கஞ்சியின் ஆவி கூடத்துக்கு வந்து சேர்ந்ததும், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன். இந்த மணம் வந்தால் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

மந்தைவெளியில் பாதிப் பேருக்கு உங்கள் முகம் தெரியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். மார்க்கெட்டில் "அரைக் கிலோ சின்ன வெங்காயம் கொடுங்க" என்று நீங்கள் சொன்னதும், தராசைப் பிடித்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "சார், ரேடியோல நியூஸ் வாசிச்சது நீங்கதானே?" நீங்கள் தலையை லேசாக அசைப்பீர்கள். வீடு வந்து சேரும்வரை நடை கொஞ்சம் மிடுக்காக இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு, பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தீர்கள். நீங்கள் வாசிக்கிற வாரம் குழந்தைகள்கூட அழாது என்று பங்குத் தந்தை சொல்வார்.

உங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. "நாலு பேர் சரிபார்த்த தாளைத்தான் என் கையில கொடுப்பாங்க. பிழையில்லாம வாசிக்கிறது என் வேலை" என்பீர்கள். எழுதியிருப்பது உண்மைதானா என்று வாசிக்கிறவன் கேட்கத் தொடங்கினால் செய்தி நேரத்துக்குப் போகாது என்றும் சொல்வீர்கள். வேலை செய்த காலமெல்லாம் அப்படித்தான் வாழ்ந்தீர்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

சர்க்கரை வந்தபோது நீங்கள் காப்பிக்கோ கேக்குக்கோ வருந்தவில்லை. சோற்றுக்குத்தான் வருந்தினீர்கள். அம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வைத்து, "மதியம் இது ஒண்ணு. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றாள். ராத்திரிக்குச் சப்பாத்தி. மீன் குழம்பு வைத்த நாளில் சப்பாத்தியைத் தட்டில் திருப்பித் திருப்பிப் போட்டபடி ஒருமுறை சொன்னீர்கள்: "கோதுமை மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா அது சோறு இல்லையே." நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஓர் அரிசி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டை கசங்காமல், செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு வந்த மனிதர். கையில் பளபளப்பான பை. 'சர்க்கரை நோயாளிகளுக்கான அரிசி' என்று பெரிதாகவும், 'கவலையின்றி வயிறாரச் சாப்பிடுங்கள்' என்று அதற்குக் கீழேயும் அச்சடித்திருந்தது. "எங்க வீட்ல நீங்க சொன்னாத்தான் சார் நியூஸ். நீங்க ரெண்டு வரி பேசினா மக்கள் நம்புவாங்க" என்றார்.

நீங்கள் பையைத் தடவிப் பார்த்தீர்கள். "இதெல்லாம் சரிபார்த்த விஷயம்தானா, தம்பி?"

"லேப் ரிப்போர்ட்டே இருக்கு சார்."

முத்திரையும் கையெழுத்தும் இருந்த சில தாள்களை அவர் எடுத்து நீட்டினார். அதில் இருந்தது உங்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அது சரிபார்த்த தாள். உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த அரிசியைச் சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தீர்கள். பெரிதாக ஏறவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு உங்களை நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தாளை ஒருமுறை பார்த்தீர்கள். "தம்பி, இங்க ஒரு 'ப்' விட்டுப்போச்சு" என்று பேனா கேட்டு வாங்கித் திருத்தினீர்கள். பிறகு ஒரே மூச்சில் வாசித்து முடித்தீர்கள். "நான் ஒரு சர்க்கரை நோயாளி. சோற்றைப் பார்த்துப் பயந்த காலம் போய்விட்டது. இப்போது மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்." இரண்டாவது டேக் வேண்டாம் என்றார்கள். அதில் உங்களுக்கு அவ்வளவு பெருமை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நம் வீட்டில் சந்தோஷமான மாதங்கள் இருந்ததில்லை. கிண்ணம் பரண் மேல் ஏறிவிட்டது. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று அம்மா பரிமாற நீங்கள் இலை போட்டுச் சாப்பிட்டீர்கள். பாண்டி பஜார் கடைகளிலும், ஆட்டோக்களின் எஃப்.எம்.மிலும் உங்கள் குரல் ஒலித்தது. கேட்டவர்களில் சூசை மாமாவும் ஒருவர்.

சாந்தோமில் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர். நீங்கள் வாசிக்கும் நாளில் மைக்கை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். அவருக்கும் சர்க்கரை. ஒருநாள் கடற்கரை நடையில் உங்கள் தோளில் தட்டி, "இன்னாடா, நீயே ரேடியோல சொல்லிட்டே, அப்பறம் எனக்கு இன்னாத்துக்கு மாத்திரை? பாதிய வுட்டுட்டேன்" என்றார். "மாத்திரைய விடாதேடா" என்றீர்கள். "சோறு துன்னா சுகர் ஏறாதுன்னா, எறக்கறதுக்கு மாத்திரை எதுக்குடா?" என்று கேட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

பிறகு உங்களுக்குத் தாகம் தொடங்கியது. எழுத்து மங்கியது. அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் உங்களைப் பார்த்தார். "என்ன சாப்பிடறீங்க?" நீங்கள் சொன்னீர்கள். பெருமையாகவேதான் சொன்னீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சார், அரிசி அரிசிதான். இந்த ரகம் கொஞ்சம் மெதுவா சர்க்கரைய ஏத்தும். ஏத்தாதுன்னு இல்ல. முன்னாடி சாப்பிட்டதைவிட மூணு மடங்கு சாப்பிட்டா, மெதுவா ஏறினாலும் அங்கதானே போய் நிக்கும்? வெறும் வயித்துல மட்டும் பார்த்திருக்கீங்க. சாப்பிட்டப்புறம் பார்க்கணும்னு யாரும் சொல்லலையா?"

பையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தோம். பின்பக்கம், ஓரத் தையலுக்குக் கீழே, எறும்பு வரிசை போல ஒரு வரி: 'மருத்துவர் ஆலோசனைப்படி அளவோடு உண்ணவும்.' உங்களால் அதைப் படிக்க முடியவில்லை. நான் வாசித்தேன்.

சட்டையை மாற்றாமலே சூசை மாமா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். அவர் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். செருப்பு வார் உராய்ந்த புண். ஆறவில்லை என்று மருமகள் சொன்னாள். நீங்கள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மாமா காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றபோது அவர் திட்டவில்லை. "வேற எவனாவது சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்டா" என்றார். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

தி.நகரில் இருந்த அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். வீட்டுக்கு வந்த அதே மனிதர் அதே பணிவோடு தண்ணீர் கொடுத்தார். "குரலை நிறுத்துங்க" என்றீர்கள்.

"அக்ரிமென்ட் இருக்கே சார். அதுவுமில்லாம நீங்க சொன்னதுல பொய் எதுவும் இல்லியே. சாப்பிட்டீங்க. நிம்மதியாத்தானே சாப்பிட்டீங்க?"

திரும்பி வரும்போது ஆட்டோ பனகல் பார்க் தாண்டியதும், "அவன் சொன்னது சரிதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல" என்றீர்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு நாம் புகார் எழுதினோம். விசாரித்தார்கள். 'சர்க்கரை நோயாளிகளுக்கான' என்ற வரியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டார்கள். புதுப் பையில் அந்த இடத்தில், பேரனோடு உட்கார்ந்து சிரித்தபடி சாப்பிடும் ஒரு பெரியவர் படம் வந்தது. 'இனி எல்லோரும் ஒன்றாய்' என்று கீழே எழுதியிருந்தது. வார்த்தை போய்விட்டது, பொருள் போகவில்லை. நீங்கள் பேசிய விளம்பரமும் அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது.

பங்குத் தந்தையிடம் கேட்டு, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மைக் முன்னால் வந்து நின்றீர்கள். கையில் தாள் இல்லை. நீங்கள் தாளில்லாமல் நான்கு பேர் முன்னால் பேசி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சூசை மாமா சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் இருந்தார்.

"இதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கல" என்று தொடங்கினீர்கள். குரல் உடைந்தது. "என் பேச்சைக் கேட்டு அந்த அரிசியை வாங்கினவங்க இங்க இருப்பீங்க. அது மருந்து இல்ல. வெறும் அரிசி. அளவாச் சாப்பிடுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. தெரியாம சொல்லிட்டேன். தெரியாம ஒண்ணைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல."

பேச்சு நடுவில் மூன்று இடத்தில் நின்றது. இலக்கணப் பிழைகூட ஒன்று இருந்தது. நீங்கள் வாசித்த எல்லாச் செய்திகளையும்விட அதுதான் எனக்குப் பெரிது. வெளியே வரும்போது ஒரு பெண் உங்களை மறித்தார். கோபமில்லை, குழப்பம்தான். "அப்ப அப்படிச் சொன்னீங்க, இப்ப இப்படிச் சொல்றீங்க. நாங்க எதைத்தான் சார் நம்பறது?" என்று கேட்டார். நீங்கள் கைகூப்பினீர்கள்.

அதற்குப் பிறகு வாசகம் வாசிக்க மறுத்துவிட்டீர்கள். வீட்டிலும் பேச்சு குறைந்தது. கிண்ணத்தைப் பரணிலிருந்து நீங்களே இறக்கினீர்கள். ஆனால் சிறுநீரகம் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அது இன்னும் ஓடுதாம்மா?" என்று கேட்டீர்கள். ஓடுகிறது என்றேன். "எப்படியாவது நிறுத்திடு." என்னிடம் நீங்கள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் போய்விட்டீர்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சூசை மாமா, "அவன் கொரலு எதுனா வெச்சிக்கினு கீறியாம்மா? ஒரு தபா கேக்கணும்" என்றார். வீடெல்லாம் தேடினோம். அன்றன்றைய செய்தியை யார் எடுத்து வைப்பார்கள்? போனில் குரல் அனுப்பும் பழக்கம் உங்களுக்கு இல்லை. என் கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு எல்லாருடைய பேச்சையும் மூடியிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த குரல், வீட்டில் ஒரு வரி இல்லை. உலகத்தில் மிச்சமிருந்தது அந்த விளம்பரம் மட்டும்தான்.

அம்மா அடிக்கடி கடைக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் மல்லி விதை இருக்கும்போதே மறுபடியும் மல்லி விதை வாங்கி வந்தாள். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன். அரிசி அடுக்குக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஒலிபெருக்கிக்குக் கீழே கூடையோடு நின்றிருந்தாள். நீங்கள் மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தாள்.

"போன்ல பதிஞ்சு தரேம்மா" என்றேன்.

"வேணாம். அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. அவர் அதுக்காக எவ்ளோ அழுதார்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப இங்க வந்து ஏம்மா கேக்கறே?"

கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, "நிறுத்தச் சொல்லி உன்கிட்ட கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார்மா."

கதவைத் திறந்து கூடையை உள்ளே வைத்தாள். "அப்ப எழுது."

எழுதினேன். இறந்துபோன ஒருவர் இன்னும் மூன்று வேளை சாப்பிடுவதாக உங்கள் விளம்பரம் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அந்த நிறுவனத்துக்கு எழுதி, இறப்புச் சான்றிதழை இணைத்தேன். பதில் வரவில்லை. சில வாரங்கள் கழித்து அம்மா கடையிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு அவர் பேசல" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புகிறாள்.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன் அப்பா. உங்கள் பேச்சை நம்பி இனி யாரும் அந்தப் பையைத் தூக்கப் போவதில்லை. அம்மாவுக்கு நீங்கள் பேசிய கடைசி இடத்தை மூடியதும் நான்தான். எது சரி என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன். ஆனால் அம்மா எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போது, என்னால் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க முடிவதில்லை.

உங்கள் மகள்