அங்க போவாதடி

டெல்லி
செப்டம்பர் 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒரு பேய்ப்படத்துக்குப் போனேன். பயப்படாதே, பகல் காட்சிதான். கதாநாயகி பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கப் போனாள். ஆரணி தியேட்டரில் நீ கத்துவாயே, அதேபோல நானும், "அங்க போவாதடி, உள்ள நின்னுகினு இருக்குது" என்று கத்திவிட்டேன். நம்மூர் என்றால் மொத்தத் தியேட்டரும் கூடக் கத்தியிருக்கும். இங்கே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எங்கள் பாடத்தில் ஒரு நாவல் இருக்கிறது. வருங்காலத்தில் ஒரு நகரம். பக்கத்து வீட்டுக்காரனைப் போலீஸ் இழுத்துப் போனாலும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேயே வராவிட்டாலும் அதுவும் பேய்க்கதைதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. படத்தில் ஒருத்திதான் அந்த அறைக்குள் போகிறாள், வெளியே நாம் இருக்கிறோம். நாவலில் ஊரே உள்ளே இருக்கிறது. கத்துவதற்கு வெளியே ஆளில்லை.

குளிர் வரப்போகிறது, பழைய போர்வை ஒன்று அனுப்பு. பருப்புப் பொடியும் கொஞ்சம்.

மெஸ் மணி அடித்துவிட்டது. ஞாயிறு நீ போன் பண்ணும்போது, பூத்தில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று மெதுவாகப் பேசாதே அம்மா. கத்தியே பேசு.

உன் மகள்
ஹேமலதா