மாவுச் சல்லடையில் சலித்த சேறு

கோபித்துக்கொண்டு போன என் அன்புக் கணவருக்கு,

நானும் பிள்ளையும் நலம். கொல்லையில் போடும் போர்வெல் குழியின் நலம்தான் சரியில்லை.

மணல் சரியாமலிருக்கக் களிச்சேறு விட்டுத்தான் தோண்ட வேண்டும் என்றீர்கள். சுத்தமான தண்ணீர் வரவேண்டிய குழியில் யாராவது களிச்சேற்றை விடுவார்களா, வெறும் தண்ணீர் விட்டுத் தோண்டினால் போதும் என்றான் என் தம்பி. நானும் அவன் பக்கம் பேசினேன். ஊருக்கெல்லாம் போர்வெல் போடும் நீங்கள், சேறு வடிகிற வேகத்தில் அதன் பதம் பார்க்கும் புனலைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் பேசியது தப்பென்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. தோண்டியதைவிடத் தூர்ந்ததே அதிகம். தம்பிக்கு ரோஷம் வந்து, நீங்கள் வைத்துப்போன களிப்பொடி மூட்டைகளில் ஒன்றை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான். கட்டி கட்டியாக மிதந்தது. பம்பு அடைத்துக்கொண்டது. குழாய் பிய்த்துக்கொண்டு, சேறு மதிலுக்கு மேல் பீய்ச்சியடித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கண் மட்டும்தான் மிச்சம். போலீசுக்குப் போவேன் என்று குதித்தார். கழுவிப் பார்த்தால் முகம் மழமழவென்று ஆகிவிட்டதாம். மறுநாள் அவர் மனைவி காலி வாளியோடு வந்து நின்றாள். நிறைய ஊற்றிக் கொடுத்தேன், சண்டை தீர்ந்தது.

மிச்ச மூட்டையை நானே எடுத்தேன். நீங்கள் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் மாவுச் சல்லடையில் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, ஊறவைத்தேன். எண்ணெய்ப் புனலில் ஊற்றி, வடிகிற வேகமும் பார்த்தேன். என் சமையலில் குறை கண்டுபிடிப்பீர்களே, இதில் கண்டுபிடியுங்கள் பார்ப்போம். அதற்குப் பிறகு மணல் அசையவே இல்லை. தண்ணீர் ஓடும் சரளை வரை இறங்கிவிட்டோம்.

இனிக் குழாய் இறக்கி, சேற்றைக் கழுவி வெளியேற்ற வேண்டும். தம்பி கைவைக்க மாட்டேன் என்கிறான். மாமா வந்தால்தான் ஆகும் என்று என்னிடமே சொல்கிறான், வெட்கமில்லாமல்.

சேறு குறைந்தால் குழி சரியும் என்பீர்களே, அதனால் காலையும் மாலையும் ஊற்றி நிரப்புகிறேன். ரொம்ப நாள் கிடந்தால் அதுவே இறுகி ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும் என்று சொன்னதும் நீங்கள்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஒருத்தியே எத்தனை நாள் சரியாமல் பார்த்துக்கொள்வது? குழியைத்தான் சொல்கிறேன்.

பத்திரமாக, சீக்கிரமாக வந்து சேருங்கள். புனலை மறக்காதீர்கள். என் எண்ணெய்ப் புனல் இனிச் சமையலுக்கு ஆகாது.

சேற்றுக் கையோடு,
உங்கள் மனைவி