வெற்றிப்பொருள்களை எரித்த பூதிநங்கை வழக்கில் தீர்ப்போலை

நலமே சூழ்க! ஏழ்குன்றமும் இருபுனலும் ஒரு குடைநிழலில் அடங்க, மாற்றார் மதில்களைச் சாம்பராக்கி அச்சாம்பரை எருவிட்டு நெல் விளைவித்த வெண்கோட நாட்டு அரசி கொற்றநங்கைத் தேவியார், அமைச்சரும் படைத்தலைவரும் சூழ இருந்து அருளிய ஓலை; இதனைக் கருவாயிற் கோட்டைத் தலைவர் கீரன் மழவரையர் நின்றபடியே கேட்க. உம் கோட்டைக் கிணறுகள் வற்றாதிருக்க. தொழுவங்களில் கன்றொலி ஓயாதிருக்க. உம் குடிகள் அச்சமின்றி உறங்க.

உம் மனைவி பூதிநங்கை, ஐந்து தலைமுறை சேர்த்த வெற்றிப்பொருள்களைத் தீயிலிட்டாள் என்றும், வெற்றியை எரித்தவள் தலை வாளுக்கு உரியது என்பதே கருவாயில் வழக்கம் என்றும், அவ்வழக்கம் தவறாது நடக்கவேண்டும் என்றும் நீர் முறையிட்டீர். அவளையும் விலங்கிட்டு அனுப்பினீர். கை கூசாமல் நீர் எழுதியதைப் படித்தோம். அவள் சொல்லையும் சாட்சிகள் சொல்லையும் கேட்டோம். எல்லாம் உம் வீட்டில் நடந்தவையே. எனினும் நீர் ஒருநாளும் காதுகொடுத்துக் கேளாதவை ஆதலால் இங்கு எழுதுவிக்கிறோம்.

கருவாயிலில் ஒரு பகைவனைக் கொன்றவன், அவன் உடைமையில் ஒன்றையேனும் வீட்டுக்குக் கொணர்வான். கொணர்ந்தது மீண்டும் வாசல் தாண்டினால் செத்தவன் பழிதீர்க்க எழுந்து வருவான் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பூதிநங்கை மணமகளாய் வந்த நாளிலேயே கேடயக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைந்தாள். ஓர் அறையில் இருந்தவை கூடத்துக்கு வந்தன. கூடத்திலிருந்து அடுக்களை வரைக்கும் வந்தன. உடைந்த தேர்க்கால்கள், யானைமணிகள், குருதி காய்ந்த தலைக்கவசங்கள் என்று எள் விழ இடமில்லை. குவியலில் ஒளிந்த தேள் அவளைக் கொட்டியது. மகள் எழிலி தவழும் பருவத்தில் துருப்பிடித்த வேல்முனையில் முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். சாளரங்கள் மறைந்துபோனதால் வெயிலைக் காண அவர்கள் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. நீரோ, உறக்கத்தில் அலறி எழுந்து அத்தலைக்கவசங்களோடு மல்லுக்கட்டினீர். தான் கொன்றவர்களைப் படுக்கையைச் சுற்றி அடுக்கி வைத்துக்கொண்டால் எவனுக்கு உறக்கம் வரும்? பாதியையாவது அகற்றுவோம், வீட்டில் மூச்சு விடுவோம் என்று அவள் பலமுறை மன்றாடினாள். பெண்ணுக்கு வெற்றியின் அருமை தெரியாது என்று நீர் சிரித்தீர்.

அறுவடைக் காலத்து ஒரு காலைப்பொழுதில், நீர் ஆற்றங்கரைப் பூசலுக்குச் சென்றிருந்த வேளையில், கோளூர்ப் படை மதிலேறியது. காவலர் வெட்டுண்டு விழுந்தனர். பூதிநங்கை மகளின் கையைப் பற்றிக்கொண்டு கொல்லைப்புறத் திட்டிவாசலுக்கு ஓடினாள். அச்சிறு வாசலை உம் கேடயங்கள் அடைத்திருந்தன. இருவரும் நகம் பெயர இழுத்தனர். ஒன்றை இழுக்க, மேலே கிடந்த தேர்க்கால் சரிந்து எழிலியின் இடுப்பை நசுக்கியது. அந்த ஓசையைக் கேட்டே பகைவர் மூவர் உள்ளே வந்தனர்.

ஆயிரம் படைக்கலம் கிடந்த வீட்டில் ஒரு தாய் ஒரு வாள் தேடினாள், மழவரையரே! முதல் வாளின் பிடி கையோடு கழன்றது. அடுத்தது உறையோடு துருவேறி ஒட்டிக்கிடந்தது. மூன்றாவதைத் தேடுவதற்குள் மகளின் தொண்டையில் ஈட்டி இறங்கியது. அவ்வீட்டில் வைத்த இடத்தில் இருந்த பொருள் ஒன்றே ஒன்று. அடுக்களை மூலையில் நின்ற உலக்கை. அதை எடுத்து மூவர் மண்டையையும் பிளந்தாள். விழுந்தவர்களின் முகங்கள் கூழாகும்வரை இடித்தாள் என்று, காயத்தோடு பிழைத்த காவலன் நள்ளாறன் நம் முன் சொன்னான்.

பகல் சாய்வதற்குள் ஊரார் திரண்டு பகைவரைத் துரத்தினர். மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவளைக் கிடத்த இடம் இல்லை என்று. அந்தப் பெரிய வீட்டில், ஒரு பெண்பிள்ளை கால் நீட்டிக் கிடக்குமளவு வெறுந்தரை எங்கும் இல்லை. உடலைத் தோளில் சுமந்தபடியே ஒரு கையால் கேடயங்களை வாசலுக்கு வெளியே வீசினாள். மகள் நீளத்துக்குத் தரை கிடைத்தது, கிடத்தினாள். ஆனால் கை நிற்கவில்லை. தடுக்க வந்த உம் மைத்துனரின் தோளெலும்பை முறித்தாள். முற்றத்தில் குவித்ததற்கெல்லாம் தீ வைத்தாள். கவசத்தோல் எரிந்த நாற்றம் ஊரையே குமட்டியது. செத்தவன் எவனும் எழுந்து வரவில்லை.

நீர் திரும்பினீர், இரண்டு வண்டி நிறையப் புதுக் கேடயங்களோடு. புகையைக் கண்டதும் நீர் முதலில் கேட்டது உம் பாட்டனார் கொணர்ந்த முரசு என்ன ஆயிற்று என்பதை. மகளைக் கேட்டது அதன் பிறகு. இதை அவள் சொன்னபோது அவை முழுவதும் தலைகுனிந்தது.

ஆதலால் நாம் தீர்ப்பளிக்கிறோம். பூதிநங்கை குற்றமற்றவள்; விலங்கு நம் கையாலேயே கழற்றப்பட்டது. கருவாயில் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. வீடுதோறும் வழியடைத்துக் கிடப்பவை வெளியேறுக; சாளரம் திறக்க; கைக்கு வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க; மற்ற இரும்பெல்லாம் உலைக்களம் சேர்க.

திரும்பிப் போவாயா என்று அவளைக் கேட்டோம். வீடு இப்போது விளக்கி வைத்தாற்போல் துப்புரவாக இருக்கிறது, போவேன் என்றாள். ஆனால் இன்னும் முழுவதும் ஒழியவில்லை என்றாள். எது மிச்சம் என்று நாம் கேட்கவில்லை.

மழவரையரே, இவ்வோலை கொணரும் வீரர் முன்னிலையில், எதையும் எடுத்துக்கொள்ளாமல், நீர் அவ்வீட்டை விட்டு வெளியேறுக.

இது நம் முத்திரை. இது நம் ஆணை.