ஷௌக்கி செய்த பத்து கிலோமீட்டர் சத்தியம்

அலெக்சாந்திரியா
10 ஜனவரி 2019

என் உயிருக்குயிரான இன்சாஃபுக்கு,

வீட்டில் எல்லாம் நலம், என்னைத் தவிர. நீ இஸ்மாயிலியாவில் உன் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் அவித்த முட்டைதான் சாப்பிடுகிறேன்.

அன்று மகள் ரபாபின் மாமனார் மாமியார் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் சும்மா இருந்திருக்கலாம். மருந்துக்கடை கிர்கிஸ் கடற்கரைச் சாலையில் ஓடுவதைப் பால்கனியிலிருந்து காட்டி, "அவருக்கு உங்களைவிட நாலு வயசு அதிகம். நீங்க ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள மூணு தடவை உக்கார்றீங்க" என்றாய். சம்பந்தி சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த வருஷம் முடியறதுக்குள்ள பத்து கிலோமீட்டர் பந்தயம் ஓடி முடிக்கலேன்னா என் பொண்டாட்டி எனக்கு தலாக்" என்று வாய் சொல்லிவிட்டது. நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.

பள்ளிவாசல் ஷேக்கிடம் போனேன். வீறாப்பில் சொன்ன பேச்சுக்கு மணம் முறியாது, பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் சத்தியம் தீர்ந்தது என்றார். ஆகவே அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடு.

உன் ஷௌக்கி

*

இஸ்மாயிலியா
19 ஜனவரி

ரபாபின் வாப்பாவுக்கு,

பத்து ஏழைகளுக்கு யார் சமைப்பதாம்? சத்தியம் செய்வது நீங்கள், வெங்காயம் உரிப்பது நானா?

முப்பத்தோரு வருடமாக நான் எதற்கெல்லாம் தலாக் ஆகியிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். விருந்தாளி இன்னொரு துண்டு வாத்துக்கறி எடுக்காவிட்டால் எனக்குத் தலாக். டிராமில் உங்களோடு வேலை பார்த்தவர் டீ குடிக்காமல் எழுந்தால் எனக்குத் தலாக். அவர்களும் பாவம், என் குடும்பம் பிழைக்கட்டும் என்று விழுங்கினார்கள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இம்முறை உங்கள் வாய் செய்த சத்தியத்தை உங்கள் கால் தீர்க்கட்டும். ஓடி முடித்தால் வருகிறேன். முடிக்காவிட்டால் என்ன என்று நான் இன்னும் யோசிக்கவில்லை, நீங்கள் யோசியுங்கள்.

போனில் கூப்பிடாதீர்கள். போனில் உங்கள் வாய் முந்திக்கொள்ளும். காகிதத்தில் எழுதினால் நடுவில் கொஞ்சம் யோசிக்க வேண்டிவரும்.

சர்க்கரை மாத்திரை நீலப் பீங்கானுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்சாஃப்

*

அலெக்சாந்திரியா
22 பிப்ரவரி

என் இன்சாஃபுக்கு,

ஓட ஆரம்பித்துவிட்டேன். மருந்துக்கடை கிர்கிஸ் எனக்கு வாத்தியார். முப்பது வருடம் டிராம் ஓடியது, நான் உட்கார்ந்திருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இந்த ஊரில் வயதான மனுஷன் நிம்மதியாக ஓட முடியாது. முதல் நாள் ஒரு மினிபஸ்காரன் பக்கத்திலேயே ஊர்ந்து வந்து, "ஏறுங்க ஹாஜி, காசு வேணாம், பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்றான். இரண்டாம் நாள் ஒரு அம்மாள் மார்பில் கை வைத்து, "அய்யோ, வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு அரை கிலோமீட்டர் ஓடிவந்தான். "திருடன் எந்தப் பக்கம் போனான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். எனக்கு மூச்சு இல்லாததால் கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். யாரைப் பிடித்தானோ தெரியாது.

கூடிய சீக்கிரம் முடித்துவிடுவேன், சத்தி— அந்த வார்த்தையை அடித்துவிட்டேன், பார்த்தாயா.

ஷௌக்கி

*

அலெக்சாந்திரியா
14 ஏப்ரல்

என் இன்சாஃபுக்கு,

முதல் பந்தயம் ஓடினேன், ஐந்து கிலோமீட்டர். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பொடியன்களோடு பாய்ந்தேன். "மெதுவா போய்யா, ஷௌக்கி" என்று கிர்கிஸ் கத்தினார். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான், கேட்பேனா? இரண்டாவது கிலோமீட்டரில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வந்தார், அவரும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனாலும் மெடல் கொடுத்தார்கள். சமையலறையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ஷௌக்கி

*

இஸ்மாயிலியா
25 ஏப்ரல்

ரபாபின் வாப்பாவுக்கு,

அது டீ வடிகட்டியின் ஆணி. மெடலைக் கூடத்தில் மாட்டுங்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும். என் தங்கையிடம் ஐந்து கிலோமீட்டர் என்று சொன்னேன். "அக்கா, பத்துக்கு இன்னும் அஞ்சு இருக்கே" என்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி.

நோன்பு வருகிறது. வயிறு நிரம்பியபின் ஓடாதீர்கள்.

இன்சாஃப்

*

அலெக்சாந்திரியா
8 ஜூன்

என் இன்சாஃபுக்கு,

வயிறு நிரம்பியபின் ஓடினேன்.

நோன்பு திறந்து, கிர்கிஸின் மனைவி அனுப்பிய கதாயிஃப் பணியாரம் பதினொன்று சாப்பிட்டேன். அவர்கள் கிறிஸ்தவர்கள், நமக்கு நோன்புப் பலகாரம் அனுப்புகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பிறகு ஓடினேன். நடந்ததை எழுத மாட்டேன். மீன் மார்க்கெட்டில் இன்னும் என்னைப் பார்த்தால் வழிவிடுகிறார்கள்.

அன்று கால் பிசகி குதிகாலில் வலி வந்தது. ஆறு வாரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பட்ட காலிலே படும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது போல இருக்கிறது.

உன் தலையணையைக் குதிகாலுக்கு வைத்துக்கொள்கிறேன். கோபிக்காதே.

ஷௌக்கி

*

இஸ்மாயிலியா
12 அக்டோபர்

ரபாபின் வாப்பாவுக்கு,

செப்டம்பர் பந்தயத்தில் வெயில் தாங்காமல் ஆறாவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டீர்கள் என்று ரபாப் சொன்னாள். நீங்கள் ஏன் எழுதவில்லை? நல்லதை மட்டும் எழுதுவதற்குக் காகிதம் எதற்கு?

டிசம்பர் பதின்மூன்றாம் தேதிதான் இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் என்றும் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் வீடு வேண்டும், என் அடுப்பு வேண்டும், இரவில் உங்கள் குறட்டைகூட வேண்டும். ஆனால் வாய்க்கு வந்தபடி பணயம் வைக்கிற பொருளாக அங்கே திரும்பி வர என்னால் முடியாது. ஓடி முடியுங்கள்.

தலையணையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சாஃப்

*

அலெக்சாந்திரியா
13 டிசம்பர், வெள்ளிக்கிழமை

இன்சாஃபுக்கு,

முடிக்கவில்லை. முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒன்பது கிலோமீட்டர் ஓடிவிட்டேன், நிற்காமல். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது, ஒரு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. கடைசி வளைவில் புதிதாகத் திறந்த டீக்கடை, வாசலில் காகிதத் தோரணம். கடைக்காரர் தட்டோடு சாலைக்கு நடுவில் வந்து நின்றார்.

"ஹாஜி, என் கடையோட முதல் டீ. உங்க வயசுக்கு நீங்க ஓடுறதப் பாத்துட்டு சும்மா அனுப்ப முடியுமா?"

"திரும்பி வந்து குடிக்கிறேன் தம்பி, வழிய விடு."

"இதக் குடிக்காம ஒரு அடி எடுத்து வெச்சீங்கன்னா, என் பொண்டாட்டி எனக்கு தலாக்."

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவருக்குப் பின்னால் ஒரு பெண் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்சாஃப், நீ கரண்டியைக் கீழே வைத்தபோது உன் முகம் அப்படித்தான் இருந்தது. அன்று நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

நின்றேன். கொதிக்கிற டீ, ஊதி ஊதிக் குடித்தேன். தூரத்தில் கிர்கிஸ் தலையில் அடித்துக்கொண்டார். டம்ளரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "அல்லா உங்க வீட்டை நல்லா வெக்கட்டும்" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டுத் தோரண வாயிலைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெடல் பெட்டியும் போய்விட்டது.

முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கலாம், கிர்கிஸ் காட்டிக்கொடுக்க மாட்டார். எழுத மனம் வரவில்லை. இத்தனை வருடம் உன்னை டீக்கும் கறிக்கும் பணயம் வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

ஷௌக்கி

*

இஸ்மாயிலியா
20 டிசம்பர்

என் ஷௌக்கிக்கு,

நான் அங்கேதான் இருந்தேன். தங்கையை எழுப்பி முதல் பஸ்ஸில் வந்து, டீக்கடைக்கு எதிரே சோளம் சுடுகிறவரின் வண்டிக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தால் நின்றுவிடுவீர்கள், அந்தப் பழி எனக்கு எதற்கு? ஆனால் நீங்கள் டீக்கு நின்றீர்கள். "போச்சு, உன் வீட்டுக்காரர் டீயில விழுந்துட்டார்" என்றாள் தங்கை. எனக்கும் அன்று ஆத்திரம் பொங்கியது. கூப்பிடாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கடைக்காரர் சொன்னது எதிர்ப்பக்கம் எனக்குக் கேட்கவில்லை. இப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கை நின்றதை நீங்கள் பார்த்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். தங்கைக்கும் படித்துக் காட்டினேன். அவள் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைத்தான் சிந்தினாள்.

ஷேக் சொன்னபடி பத்துப் பேருக்குச் சோறு போட்டுவிடலாம். அரிசி நான் கொண்டுவருகிறேன். வெங்காயம் நீங்கள் உரிக்க வேண்டும், ஐந்து கிலோ. டீக்கடைப் பெண்ணுக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்போம். அந்த டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டதையும் பார்த்தேன், அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

வரும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு பஸ் அலெக்சாந்திரியா வந்து சேரும். நிலையத்துக்கு வருவேன் என்று சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம், வந்தால் போதும். ஓடி வராதீர்கள். குதிகால் இன்னும் முழுதாக ஆறவில்லை, நீங்கள் நொண்டுவதை நான் பார்த்தேன்.

உங்கள் இன்சாஃப்