பட்சம் முடியட்டும்

அக்டோபர் 1, 2023, ஞாயிறு

மல்லேஸ்வரம் எட்டாம் கிராஸ் மார்க்கெட்டில் வாழைக்காய் ஒன்று பதினைந்து ரூபாய். மகாளய பட்சம் வந்தால் போதும், வாழைக்காய்க்காரனுக்குத் தலைகால் புரிவதில்லை. பேரம் பேசினேன். செத்துப்போன பெரியவர்களுக்குப் படைப்பதற்குக் கூடவா பேரம் என்று கன்னடத்தில் கேட்டான். வாயை மூடிக்கொண்டு ஆறு வாங்கி வந்தேன்.

காபி கொடுக்கும்போது லக்ஷ்மி, "ஏன்னா, கார் இன்ஷூரன்ஸ் புதன்கிழமையோட முடியறது. மறுபடியும் மெசேஜ் வந்திருக்கு" என்றாள். இது இரண்டாவது தடவை. ரிடையரான பணத்தில் அவள் வாங்கிய கார், அவள் பெயரில் இருக்கிறது. அதனால் மெசேஜ் அவளுக்கு வரும். கட்டுவது மட்டும் என் வேலை. பட்சம் முடியட்டும் என்றேன். பிதுருக்களுக்கான இந்தப் பதினைந்து நாளில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, அப்பா காலத்து வழக்கம். நவராத்திரியில் கட்டினால் ஆயுத பூஜையன்று புதுப் பாலிசியைக் கார் சாவியோடு வைத்துக் குங்குமம் இடலாம். 2021-லும் இப்படித்தான் பத்து நாள் தள்ளிப்போயிற்று. என்ன குடி முழுகிவிட்டது?

"இது புதுசு இல்லையே. பழசோட தொடர்ச்சிதானே?" என்றாள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். எதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பாள்.

அக்டோபர் 5, வியாழன்

பாலிசி நேற்றோடு முடிந்தது. பதினாலாம் தேதி அமாவாசை. அதுவரை காரை அதிகம் எடுக்காமல் இருந்தால் போயிற்று.

அக்டோபர் 9, திங்கள்

தூக்கம் வரவில்லை. எழுதுகிறேன்.

தம்பி வீட்டில் அப்பாவின் சிராத்தம். ஆனேக்கல் வரை பஸ்ஸில் போகலாம் என்றாள் லக்ஷ்மி. கையில் பாத்திரம், பழக்கூடை எல்லாம் இருக்கிறதே என்று நான்தான் காரை எடுத்தேன். சாப்பாடு இரண்டரை மணிக்கு. வடை, திரட்டுப்பால், பாயசம். கொஞ்சம் படுத்துவிட்டுப் போகச் சொன்னான் தம்பி. சாயந்திர டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

ஹெப்பகோடி வந்ததும் கண் அசந்தது. ஒரு நொடி. ஒரு நொடிகூட இருக்காது. "ஏன்னா!" என்று லக்ஷ்மி கத்தினாள். இடது பக்கம் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. அவன் சரியாகத்தான் போனான். ஓரமாகத்தான் போனான்.

அவன் கால் — வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

பெயர் அப்பாதுரை. முப்பத்தாறு வயது. பக்கத்தில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. தருமபுரிப் பக்கத்துக்காரன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தமிழில்தான் அழுதான். பேசாம பஸ்ஸுல போயிருக்கலாமே. ஏன் போகலை? ஏன் போகலை நான்?

அக்டோபர் 10, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷன். லைசென்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். ஆர்.சி. கேட்டார்கள், கொடுத்தேன். இன்ஷூரன்ஸ் கேட்டார்கள். பழைய பாலிசியைக் கொடுத்தேன், போன வருஷத்துக் குங்குமம் அதில் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். காரையும் சாவியையும் வைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து வக்கீல் கிரணிடம் போனேன். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாக வருகிறது. இப்போதே பணத்தைக் கட்டிவிடலாமா என்று கேட்டேன். என் அசட்டுத்தனத்துக்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

"கட்டலாம் சார். ஆனா இன்னைக்குக் கட்டினா இன்னையிலேர்ந்துதான். நேத்துக்கு யாரும் பாலிசி கொடுக்க மாட்டாங்க. கோர்ட் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவும் ஓட்டினவரும் ஓனரும்தான் கொடுக்கணும். மேடம் பேர்ல வேற என்ன இருக்கு?"

நாங்கள் குடியிருக்கும் மல்லேஸ்வரம் ஃபிளாட் இருக்கிறது, அவள் அப்பா கொடுத்தது. என் பெயரில் பென்ஷன் மட்டும்தான். கையிலிருந்ததெல்லாம் எங்கள் பெண் ஸ்ரீலக்ஷ்மியின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டது. கிரண் "ஃபிளாட்" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 12, வியாழன்

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பாஞ்சாலி எங்களைத் திட்டுவாள், சாபமிடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். எழுந்து நின்று எனக்கு நாற்காலியைக் கொடுத்தாள். "எங்க சூப்பர்வைசர் சொன்னாரு சார், காருன்னா இன்ஷூரன்ஸ்காரங்க குடுத்துருவாங்க, பயப்படாதேன்னு. எப்ப சார் வருவாங்க அவங்க?"

லக்ஷ்மிதான் சொன்னாள்: "இல்லைம்மா. எங்க காருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. நாங்கதான் கொடுக்கணும்."

பாஞ்சாலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களா? நீங்க குடுப்பீங்களா?"

"கொடுப்போம்" என்றாள் லக்ஷ்மி. எதை வைத்துச் சொன்னாள் என்று வரும் வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது எனக்கு. ஆஸ்பத்திரி பில்லில் பாதியை இன்று கட்டினோம்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நேற்று சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. கார் ஸ்டேஷன் காம்பவுண்டில் நிற்கிறது. புத்தகங்களை மட்டும் அடுக்கி வைத்தோம். இன்று காலை வழக்கம்போல் ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பூஜையிலிருந்து எடுத்து நாலு வரி சத்தமாகப் படித்தோம். நான் என்ன படித்தேன் என்று நினைவில்லை.

பெண் ஸ்ரீலக்ஷ்மியும் மாப்பிள்ளை தேஜஸும் வந்திருந்தார்கள். "அம்மாக்கு மெசேஜ் வந்திருக்குமே, ஏம்ப்பா கட்டலை?" என்று கேட்டாள் ஸ்ரீ. பட்சம் என்று தள்ளிப்போயிற்று என்றேன். உடனே அவள், "அம்மாவோட சாஸ்திரமா?" என்றாள்.

லக்ஷ்மி சமையலறையில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 14, 2024, புதன்

கிரிமினல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முடிந்ததா என்று கேட்டேன். "இது சின்னது சார். பெரிசு இனிமேதான்" என்றார் கிரண். கார் திரும்பி வராதாம். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்பதால் ஏலம் விட்டு, வருகிற பணத்தை நஷ்டஈட்டுக் கோர்ட்டில் போடுவார்களாம்.

ஜூன் 10, திங்கள்

நஷ்டஈட்டு மனுவின் நோட்டீஸ் வந்தது. நாற்பது லட்சம் கேட்டிருக்கிறார்கள். முதல் எதிர்மனுதாரர் நான், ஓட்டியவன். இரண்டாவது அனந்தலக்ஷ்மி, உரிமையாளர். அவள் பெயரை அப்படி அச்சில் பார்க்க என்னவோபோல் இருந்தது.

தேஜஸ் வந்து ஒரு யோசனை சொன்னார். ஃபிளாட்டை ஸ்ரீ பெயருக்கு மாற்றிவிட்டால் கோர்ட் எதை எடுக்கும்? எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, மறைப்பானேன். லக்ஷ்மி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அவன் காலை எடுத்தாச்சு. இனிமே வீட்டையும் அவன் கண்ணுலேர்ந்து ஒளிச்சு வைக்கணுமா?"

தேஜஸ் கிளம்பிவிட்டார். அன்றைக்கு இவள் பட்சம் பார்க்காமல் இருந்திருந்தால் இன்று இந்த நியாயமெல்லாம் பேச வேண்டியே வந்திருக்காது. ஒன்பதாயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். அப்பாதுரையின் வக்கீல் மமதா, சின்னப் பெண். குரலை உயர்த்தவே இல்லை. பாலிசி முடிவது தெரியுமா என்றார். தெரியும். பணம் இல்லையா? இருந்தது. பிறகு ஏன் கட்டவில்லை?

கன்னடத்தில் சொன்னேன்: என் மனைவிக்கு நம்பிக்கை அதிகம், பட்சம் முடியட்டும் என்றாள். டைப் அடிக்கிற பெண் அதை அப்படியே அடித்தாள். நீதிபதி நிமிர்ந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லக்ஷ்மியை ஒரு முறை பார்த்தார். அப்பாதுரையும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

வெளியே வந்ததும் கிரண், "அது எதுக்கு சார் சொன்னீங்க? யார் தள்ளிப்போட்டாலும் கொடுக்கறது நீங்க ரெண்டு பேரும்தான். கேஸ்ல ஒண்ணும் மாறாது" என்றார். உண்மையைத்தானே சொன்னேன் என்றேன்.

லக்ஷ்மி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக் கொடுத்தாள். எனக்கு என்னவோ கோபமாகவே இருக்கிறது. அவள் சண்டை போட்டிருக்கலாம்.

டிசம்பர் 25, புதன்

ஸ்ரீ போனில் சிரித்துக்கொண்டே, "அம்மாவோட பட்சம் எவ்வளவுக்கு வந்து நிக்கும்ப்பா?" என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது.

மார்ச் 12, 2025, புதன்

தீர்ப்பு. இருபத்தேழு லட்சம், மனு போட்ட நாளிலிருந்து வட்டி. கார் ஏலத்தில் வந்த இரண்டு லட்சத்து பத்தாயிரம் போக மீதி.

அப்பீல் போகலாம், ஆனால் பெரிய பகுதியை முதலில் கட்டியாக வேண்டும் என்றார் கிரண். கட்டாவிட்டால் ஃபிளாட் ஜப்தி. லக்ஷ்மி அவரிடம், "வித்துக் கட்டிடறோம். அவா ஏற்கெனவே ஒன்றரை வருஷம் காத்துண்டிருக்கா" என்றாள். என்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவள் வீடு.

ஜூலை 8, செவ்வாய்

கோர்ட்டில் பணம் கட்டியாயிற்று. அவசர விற்பனை, வாங்கியவன் ஆறு லட்சம் குறைத்துத்தான் வாங்கினான். ஆஸ்பத்திரி பில்லுக்கு வாங்கிய கடன்களும் வக்கீல் பீஸும் போக மிச்சத்தை வைத்துத்தான் இனி இருவரும் காலம் தள்ள வேண்டும். ஆனேக்கலில் தம்பி வீட்டுப் பக்கம் இரண்டு அறையில் வாடகைக்கு இடம் பார்த்திருக்கிறோம்.

வராந்தாவில் அப்பாதுரையும் பாஞ்சாலியும் நின்றிருந்தார்கள். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறான்; பேண்ட் அந்தப் பக்கம் தொளதொளவென்று இருக்கிறது. லோடு வேலை போய்விட்டது. ஒரு பெட்டிக்கடை போட இடம் தேடுகிறானாம்.

"பாதிப் பணம் பேங்க்லயே கெடக்கும்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க சார். வருசா வருசம் கொஞ்சமாத்தான் வருமாம். காலு மட்டும்தான் ஒரேயடியா போச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

பாஞ்சாலி லக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்ட வித்துட்டீங்களாமேம்மா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். சாமி விஷயம், பொம்பளைங்களுக்கு பயமா இருக்கும்ல" என்றாள்.

கோர்ட்டில் நான் சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கிறது. லக்ஷ்மி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆகஸ்ட் 23, சனி

மூட்டை கட்டும் வேலை. பழைய டைரிகளை எடைக்குப் போடலாமா என்று புரட்டினேன். 2023. அக்டோபர் 1.

என் கையெழுத்து. நீல மசி. வாழைக்காய், காபி, அதற்குக் கீழே நான்தான்... 'பட்சம் முடியட்டும் என்றேன்.' என்றேன். என்றாள் இல்லை. தள்ளிப்போட வேண்டாம் என்று அவள் வாதாடியதுகூட எழுதியிருக்கிறேன்.

எப்போது மாறிற்று? ஸ்ரீ கேட்டபோது சும்மா இருந்தேன். பிறகு நானே அதை நம்பிவிட்டேன். சத்தியமாக நம்பினேன். கூண்டில் நின்றபோது பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் ஒரு துளி இல்லை. அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு போயிற்று அவளுக்கு, பழியும் அவளுக்கு.

வெட்கமாக இருக்கிறது. அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியாததா? தெரியாதது மற்றவர்களுக்குத்தான்.

"என்னன்னா, சிலையாட்டம் உக்காந்துட்டேள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். டைரியை எடைக்குப் போடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நேற்று எழுதவில்லை, பூஜையன்று பேனாவைத் தொடுவதில்லை.

வைக்கக் கார் சாவி இல்லை. லக்ஷ்மி அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் குங்குமம் இட்டாள். புத்தக அடுக்கின் மேல் 2023 டைரியை நான்தான் வைத்தேன். அவள் பார்த்தாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பூவை எடுக்கப் போனாள்.

இன்று காலை ஸ்ரீயும் தேஜஸும் வந்தார்கள். இரண்டு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்ரீ, "காத்து நன்னா வரது" என்றாள். புனர்பூஜை முடிந்ததும் ஒவ்வொருவராகப் படித்தோம். ஸ்ரீ சுலோகப் புத்தகத்தில் நாலு வரி. தேஜஸ் ஏதோ கன்னடப் பத்திரிகையில் நாலு வரி. பிறகு என் முறை.

டைரியை எடுத்தேன். அக்டோபர் 1, 2023 என்று தொடங்கி, வாழைக்காயிலிருந்து அந்தப் பக்கத்தின் கடைசி வரை சத்தமாகப் படித்தேன். 'என்ன குடி முழுகிவிட்டது' என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் படித்தேன்.

தேஜஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா, நீ ஏன் சொல்லலை? ரெண்டு வருஷமா நான் உன்னை..." என்று அழுதாள்.

"உங்கப்பாவே சொல்லுவார்னு இருந்தேன்" என்றாள் லக்ஷ்மி. சுண்டலைக் கிண்ணங்களில் போட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது கையை எடுக்காமல் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஒண்ணு தப்பா எழுதியிருக்கேள். அன்னிக்குச் சொன்னது ரெண்டாவது தடவை இல்லை. மூணாவது."

பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தில் 'இரண்டாவது' என்பதை அடித்துத் திருத்தினேன்.