மாபிள் துண்டில் இருந்தவள்

என் ஆசை மச்சானுக்கு,

உங்களுக்காக நான் வீட்டுக்குள் இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுநாளே அன்வர் வந்தார். சைப்பிரஸில் உங்களோடு ஒரே அறையில் இருந்து, உங்களை அண்ணனாக நினைத்துக் 'காக்கா' என்று கூப்பிடும் சம்மாந்துறை அன்வர்தான். வாசலில் நின்று அழுதார். நான் அழவில்லை. அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. யார் அவள்?

ஓம், அவளைத்தான் கேட்டேன். பழங்காலத்து ஊரொன்றை மண்ணுக்குள் இருந்து தோண்டியெடுக்கும் வேலைக்குப் போன மனிசன் நீங்கள். கல்முனைக் கொமினிகேசனில் உங்கள் போன் கோலுக்காக வெயிலில் காத்து நின்று உங்கள் குரலைக் கேட்டால், நீங்கள் வெள்ளை மாபிள் துண்டொன்றைப் பற்றிக் கதைப்பீர்கள். யாரோ ஒருத்தியை அடக்கிய இடத்துக் கபுறுக் கல்லாம், கிரேக்க எழுத்தாம். மெல்லிய பிரஷால் கழுவி, எழுத்துக்குள் அடைந்த மண்ணைக் குச்சியால் எடுப்பீர்களாம்.

"காலையில அவளுக்கு ஸலாம் சொல்லிப்போட்டுத்தான் மத்த வேல" என்றீர்கள். என் காய்ச்சலை விசாரிப்பதற்குள் கோல் முடிந்துவிடும்.

கடைசி லீவில் வந்தபோதும் கேட்டேன், "அவட பேர் என்ன?" என்று. "இப்ப சொல்ல மாட்டன்" என்று சிரித்தீர்கள். அன்று உங்கள் தேத்தண்ணியில் வேண்டுமென்றே சீனி போடவில்லை. குடித்துவிட்டு, சோக்கா இரிக்கி என்றீர்கள். அந்தக் கிழமையே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் யாரிடம் போய்க் கேட்பது?

அன்வர் அழுகையை விட்டுச் சிரித்தார். "மதினி, அது பொம்புளட கல்லா எண்டே தெரியா. ஆள்ட பேர் உடைஞ்சி பெய்த்து. மிஞ்சினது ஒரு சொல்தான். பொறுப்பா இருந்த வெள்ளைக்காரி 'கைரே' எண்டு வாசிச்சா. காக்கா துள்ளிப் பாய்ஞ்சார். 'இது என்ட கைறுன்னிஸாட பேரடா! ன்னிஸா உடைஞ்சி பெய்த்து, தேடு' எண்டார். கூடை கூடையாக் கிளறினார். மத்தத் துண்டும் கிடைச்ச பொறகுதான் உங்களுக்குச் சொல்ற எண்டு வெச்சிருந்தார்."

மச்சான், என் பெயரைப் பார்த்தா நான் இவ்வளவு காலம் எரிந்தேன்?

"அது பேரில்ல எண்டு அந்த மனிசி எவ்வளவோ சொன்னா" என்றார் அன்வர். "வழியால போறவங்க கபுறுக்குள்ள கிடக்கிற மௌத்தானவங்களுக்குச் சொல்ற சொல்லாம். சந்தோசமா இரி எண்டு அர்த்தமாம். அங்க கன கபுறுக் கல்லில அது இரிக்கி. காக்கா நம்பினாத்தானே!"

கன கல்லிலா? அப்படியென்றால் எத்தனை பேருக்கு ஸலாம் சொன்னீர்கள்? ஒருத்தியோடு போயிற்று என்றல்லவா இருந்தேன்!

என்னை நினைத்துத்தான் கழுவினீர்கள், சரி. ஆனால் உங்கள் விரல் பட்டது அந்தக் கல்லில்தானே? எனக்கு ரிசீவருக்குள் ஒரு குரல், அதற்கு நாள் முழுக்க உங்கள் கை. அன்வர் எந்த அர்த்தம் சொன்னாலும் இந்த எரிச்சல் ஆறவில்லை. ஆற வேண்டுமா, அதுவும் தெரியவில்லை.

உங்களை அடக்கிய மையவாடிக்குள் நம்மூர்ப் பெண்கள் போவதில்லை. ஆனால் மதிலோரத்து ஒழுங்கையால் யாரும் போகலாம். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு வெள்ளியும் அந்த வழியால் போவேன். "சந்தோசமா இருங்க மச்சான்" என்று என் வாயாலேயே சொல்வேன். அதுவரை, வேறு யார் வந்து கைரே என்றாலும் நீங்கள் பதில் சொல்லக்கூடாது.

உங்கள் பெண்சாதி,
உடையாத முழுப் பெயரோடு,
கைறுன்னிஸா