சிவப்பு அட்டை மாட்டியவள்

நாள் 41, காலை 6.10

மன்னிக்கவும். இந்தக் குறிப்பை எழுத வேண்டியவர் நிலையத் தலைவர் மார்ட்டினா அக்கா. நேரமில்லை என்று என்னிடம் விட்டுவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தெய்வானை, இளநிலை ஆய்வாளர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இந்த வேலைக்கு என்னைப் பரிந்துரைத்தவரும் அக்காதான்.

பூமியைச் சுற்றும் இந்த ஆய்வகத்தில் மூவர் இருக்கிறோம். மூன்றாமவர் எங்கள் விண்கலத்தை ஓட்டும் சாதிக் அண்ணன்.

இன்று கே-9 என்ற வைரஸை மனித செல்களில் விட்டுப் பார்த்தோம். நம் செல்கள் உள்ளே தயாராகும் பொருட்களின் துணுக்குகளை எப்போதும் மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். வைரஸ் புகுந்தால் அதன் துணுக்கும் வெளியே தெரியும். உடம்பின் காவல் படையான டி செல்கள் அதைக் கண்டு அந்த செல்லை அழித்துவிடும். கே-9 தந்திரமானது. புகுந்த செல்லை எதையுமே காட்டவிடுவதில்லை. ஆனாலும் தப்பவில்லை. இயற்கைக் கொல்லி செல்கள் என்று வேறொரு படை இருக்கிறது. எதையும் காட்டாத செல்லைத்தான் அது சந்தேகிக்கும்.

நாள் 43, காலை 7.00

காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். நேற்று என் கையுறையில் சிறு கிழிசல் இருந்தது. கதவில் சிவப்பு அட்டை மாட்டினேன். காய்ச்சல் உள்ளவர் மட்டும் மாட்டுவது நிலைய வழக்கம். அட்டை இல்லையென்றால் நலம் என்று பொருள்.

அறைப் பேசியில் சாதிக் அண்ணன்: "என்ன தெய்வா, நெசமாவே காய்ச்சலா? இல்ல, நான் கரைச்ச பாக்கெட் ரசத்துக்குப் பயந்து படுத்துட்டியா?"

பிறகு அக்கா: "மறைக்காம சொன்ன பாரு, அதாண்டி நல்ல பிள்ளை. நாளன்னைக்கு மூணு பேரும் சேர்ந்தே இறங்குறோம். உன்ன விட்டுட்டுப் போயிடுவேனா?"

நாள் 44, பிற்பகல் 3.30

கதவுக் கண்ணாடி வழியே எதிர் அறை தெரிகிறது. அக்காவின் கண்கள் சிவந்திருக்கின்றன. மாத்திரை விழுங்கினார். அவர் கதவில் அட்டை இல்லை.

பேசியில், "அக்கா, உங்களுக்கும் காய்ச்சலா?" என்றேன்.

"சும்மா இருடி. உனக்கு வந்துட்டா ஊருக்கே வந்துருச்சா?" இருமிக்கொண்டே அணைத்துவிட்டார்.

நாள் 45, காலை 5.50

கதவு வெளியே பூட்டியிருக்கிறது. தட்டினேன். யாரும் வரவில்லை. கலம் பிரியும் அதிர்வு காலில் தெரிந்தது.

பேசியில் அக்காவின் குரல்: "கோவிச்சுக்காத தெய்வா. அட்டை மாட்டினவங்கள ஏத்தக் கூடாதுன்னு கீழேருந்து உத்தரவு. என் பொண்ணுக்கு நாலு வயசுதான்டி ஆகுது. நீ மாட்டிட்ட, நான் மாட்டல. அவ்வளவுதான்."

கலம் தொலைவுக்குப் போன பிறகே பூட்டு தானாகத் திறந்தது.

அக்காவுக்கும் காய்ச்சல் என்று தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னேன். பதில்: "அவங்க கதவுல அட்டை இல்லையேம்மா. பதட்டப்படாம ஓய்வெடுங்க."

நம் உடம்பு ஏமாறாத இடத்தில் நாங்கள் ஏமாந்துவிட்டோம்.

நாள் 53, நண்பகல்

காய்ச்சல் விட்டது. எழுந்து நிற்க முடிகிறது. எலும்புக்குள் இருந்த வலி வைரஸின் வேலை மட்டுமல்ல, என் செல்கள் போட்ட சண்டையும்தான். எனக்காக யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

நாள் 60, காலை 9.15

சாதிக் அண்ணன், தரையிலிருந்து: "தெய்வா... அக்காவுக்கு மூச்சு வாங்குது. அவங்க பொண்ணுக்கும் ஒட்டிக்கிச்சு. எனக்கும்தான். அக்கா மாத்திரை போட்டுட்டுதான் ஏறுனாங்க. எனக்குத் தெரியும்மா. நான்தான் வாயத் திறக்கல. உன் ரத்தத்துல இருக்குறது வேணுமாம். குடுப்பியா?"

ரத்தத்தைச் சோதித்தேன். கே-9ஐப் பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது.

தரை: "ஆளில்லாக் கலம் அனுப்புறோம். ரத்தத்துலேருந்து பிரிச்ச பிளாஸ்மாவ மட்டும் வெளிப்பெட்டியில வெச்சிடுங்கம்மா."

மட்டும்.

நாள் 63

நேரம் பார்க்கவில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களில் ஒன்று நின்றுவிட்டது. தலை வலிக்கிறது. இடது கையில் இனி ஊசி குத்த இடமில்லை.

கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் குழந்தை யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. முதல் பை அவளுக்கு. பிறகு அண்ணனுக்கு. மூன்றாவது பையில் பெயர் எழுதக் கை வரவில்லை. யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் குறிப்பையும் பைகளோடு வைக்கிறேன். பெட்டியைத் திறப்பவர் நீங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தரையை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இந்தப் பைகளில் இருப்பது சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதை மறுபடி செய்யத் தெரிந்த நினைவு செல்கள் பையில் வராது. அவை என் உடம்புக்குள் இருக்கின்றன. நான் மூச்சு விடும் வரைக்கும்தான் அவையும்...

அடுத்த கலத்தில் ஓர் இருக்கை வைத்து அனுப்புங்கள்.